வினையைத் தனியே விடாதீர்கள்: ஆங்கிலப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி ஆங்கிலப் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கும், வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் 22 ஆண்டுகளாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்திவருகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு மாலை, பள்ளி விட்ட பிறகும் ஒரு மாணவி வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னும் கிளம்பலையாம்மா?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு வெயிட் பண்றேன் டீச்சர்" என்றாள். இதையே இங்கிலீஷில் சொல்லு பார்ப்போம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐ ஆம் வெயிட்டிங் மை ஃபாதர்" என்றாள்.

அன்று இரவு முழுக்க அந்த வாக்கியம்தான் மனதில் ஓடியது. தமிழில் சொன்னபோது 'அப்பாவுக்கு' என்று அழகாகக் 'கு' போட்டுத்தான் சொன்னாள். ஆங்கிலத்துக்குத் தாவும்போது அது வழியில் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் 'ஃபார்' வந்து நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் 'ஃபார்' என்ற சொல் அவளுக்குத் தெரியும். கோடிட்ட இடத்தை நிரப்புக என்று கொடுத்தால் சரியாக நிரப்பியிருப்பாள். 'வெயிட்' என்ற சொல்லும் தெரியும். இரண்டும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பது மட்டும் தெரியாது. அதைச் சொல்லித்தரும் பக்கம் பாடநூலில் இல்லை என்பதால்தான் இந்த மடல்.

அது ஏன் விழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வினை ஒன்றைத் தமிழ்ப் பேச்சுக்குள் கொண்டுவரும்போது நாம் அதனோடு 'பண்ணு' சேர்க்கிறோம். அதன் கூட்டாளியான பிரிபொசிஷனை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் ஃபார், டு, ஆன் போன்ற சின்னச் சொல்லை, வாசலிலேயே விட்டுவிடுகிறோம். அதற்கு இங்கே வேலை இல்லை, அந்த வேலையை நம் வேற்றுமை உருபு பார்த்துக்கொள்கிறது. வேலைக்கு அப்ளை பண்ணினேன். அவர் சொன்னதுக்கு அக்ரீ பண்ணிட்டேன். பாட்டை லிசன் பண்ணு. மகனை டிபெண்ட் பண்ணி இருக்காங்க. படிப்புல கான்சன்ட்ரேட் பண்ணு. இத்தனை வினைகளையும் எழுத்தறியாத பாட்டிகூட இன்று சரளமாகச் சொல்கிறார். ஆனால் எல்லாமே கூட்டாளி இல்லாமல் வந்த வினைகள். பிள்ளை ஆங்கில வகுப்புக்கு வரும்போது இந்தச் சொற்களை ஏற்கெனவே தெரிந்துகொண்டுதான் வருகிறது, அதுவும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு. 'அப்ளை'க்குப் பின்னால் 'ஃபார்', 'லிசன்'க்குப் பின்னால் 'டு', 'டிபெண்ட்'க்குப் பின்னால் 'ஆன்' இருந்தது என்ற சுவடே இல்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு இந்த வினைகளைப் புதுச் சொற்களாகக் கற்றுத்தந்தால் போதாது, தொலைந்த கூட்டாளியை மீட்டுத்தர வேண்டும்.

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. 'அதைப் பத்தி டிஸ்கஸ் பண்ணலாம்' என்று பேசிப் பழகிய வாய், ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறது. 'சென்னைக்கு ரீச் ஆயிட்டேன்' என்ற பழக்கம் 'ரீச்ட் டு சென்னை' ஆகிறது. முதலில் சொன்ன வரிசையில் பிரிபொசிஷன் தொலைந்தது, இங்கே வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இப்போது நம் புத்தகங்களைப் பாருங்கள். பிரிபொசிஷனுக்கென்று தனிப் பாடம். மேசை மேல் புத்தகம், மேசைக்கு அடியில் பூனை, பெட்டிக்குள் பந்து என்று படங்கள். கீழே இன், ஆன், அட், அண்டர் என்று ஒரு கட்டம். அதற்கும் கீழே கோடிட்ட இடங்கள். சொற்பொருள் பட்டியல் வேறு பக்கத்தில், அங்கே 'டிபெண்ட்' என்று தனியே போட்டு ஒரு பொருள். இடத்தைக் குறிக்கும் பிரிபொசிஷனுக்கு அந்தப் படங்கள் போதும். ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் அவை செய்யும் வேலையில் இடம் குறிப்பது ஒரு பகுதிதான். 'டிபெண்ட் ஆன்' என்பதில் எதன் மேலும் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை. 'லிசன் டு' என்பதில் யாரும் எங்கும் போகவில்லை. அங்கே அந்தச் சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது வினை. வினையைக் கேட்காமல் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்தது அல்ல. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். ஆங்கிலேயர்களுக்காக எழுதிய அகராதிகள் அங்கிருந்த மாணவர்களுக்குப் போதவில்லை. சொல்லின் பொருளைச் சொல்லிவிட்டு நின்றுவிடும் அகராதியை வைத்துக்கொண்டு வாக்கியம் எழுத முடியாது. ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும், பின்னால் யாரைக் கூட்டிவரும் என்று குறித்துக்காட்டி அவரும் கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவரும் சேர்ந்து செய்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதையே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு எடுத்து வெளியிட்டது. இன்று நம் பள்ளி நூலகத்தில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அந்த மரத்தில் கிளைத்ததுதான். வேற்றுமொழிப் பிள்ளைகளோடு வகுப்பறையில் அமர்ந்து அவர்களின் தடுமாற்றத்தைப் பார்த்த ஆசிரியர்கள் செய்த வேலை அது. நம் பாடநூலின் சொற்பொருள் பட்டியல் மட்டும் இன்னும் அதற்கு முந்தைய காலத்திலேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், உண்மையான பேச்சையும் எழுத்தையும் கணினியில் திரட்டி வைத்துக்கொண்டு அகராதி செய்தார்கள். கோபில்ட் என்ற அந்த அகராதி 1987இல் வந்தது. அதே திட்டத்திலிருந்து 1996இல் வினைகளுக்கென்று தனியாக ஓர் இலக்கணத் தொகுதி வந்தது. ஒரே பிரிபொசிஷனைக் கூட்டிவரும் வினைகளைத் திரட்டிப் பார்த்தால், பொருளிலும் அவை சில குடும்பங்களாகச் சேர்கின்றன என்பது அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம். மனப்பாடம் என்ற சுமையைப் பாதியாகக் குறைத்த பாடம் அது.

'ஃபார்' குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிட் ஃபார், லுக் ஃபார், சர்ச் ஃபார், ஆஸ்க் ஃபார், அப்ளை ஃபார், ஹோப் ஃபார், லாங் ஃபார், பெக் ஃபார். காத்திருப்பது, தேடுவது, கேட்பது, விண்ணப்பிப்பது, ஏங்குவது, இரப்பது என எல்லாவற்றிலும் வேண்டிய பொருள் இன்னும் கைக்கு வரவில்லை. கை நீண்டிருக்கிறது, பொருள் தூரத்தில் இருக்கிறது. தமிழில் இதற்கு 'கு' அல்லது 'காக' வரும்: வேலைக்கு, அப்பாவுக்காக. இதை ஒரு முறை கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "அப்ப சண்டைக்கு அலையறதுக்கும் ஃபார் தானா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம், ஆங்கிலத்தில் அதை 'ஸ்பாய்லிங் ஃபார் எ ஃபைட்' என்பார்கள். கேட்டிராத தொடரின் பிரிபொசிஷனை அவள் சரியாக ஊகித்தாள். குடும்பம் தெரிந்தால் ஊகம் வரும். கோடிட்ட இடம் ஊகத்தைத் தருவதில்லை, அதிர்ஷ்டத்தைத்தான் தருகிறது.

'அட்'டும் 'டு'வும் இன்னும் அழகானவை. 'த்ரோ தி பால் டு ஹிம்' என்றால் அவன் பிடிப்பதற்காகப் போடுவது. 'த்ரோ தி பால் அட் ஹிம்' என்றால் அவன் மேல் படட்டும் என்று எறிவது. நாமும் 'அவன்கிட்ட போடு', 'அவன் மேல எறி' என்று பிரித்துத்தான் சொல்கிறோம். 'ஷவுட் டு' என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று கத்துவது, 'ஷவுட் அட்' என்றால் ஒருவரைப் பார்த்துச் சத்தம் போடுவது. 'டு'வில் எதிரில் இருப்பவர் பெற்றுக்கொள்பவர், 'அட்'டில் அவர் இலக்கு. அதனால்தான் லுக், ஸ்டேர், கிளான்ஸ், ஸ்மைல், லாஃப் எல்லாம் 'அட்'டோடு வருகின்றன. பார்வையும் சிரிப்பும் ஒருவரைக் குறிவைத்துப் போகின்றன.

இந்த இடத்தில் தமிழ் ஒரு தனி வழி வைத்திருக்கிறது. 'என்னைப் பார்த்துச் சிரித்தாள்' என்கிறோம். ஆங்கிலம் 'அட்' என்ற ஓரசையில் வைப்பதை நாம் 'பார்த்து' என்ற முழு வினையெச்சத்தில் வைக்கிறோம். இது தெரியாத பிள்ளை 'ஷீ லாஃப்ட் பை சீயிங் மீ' என்று எழுதுகிறது. சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போவதைவிட, 'நம்ம பார்த்து, அவங்க அட்' என்று ஒரு வரி சொல்லிவிடலாம். துப்பாக்கிக்கும் இதேதான். 'ஹி ஷாட் தி பேர்ட்' என்றால் பறவை விழுந்தது. 'ஹி ஷாட் அட் தி பேர்ட்' என்றால் பறவையை நோக்கிச் சுட்டான், பட்டதா இல்லையா தெரியாது. 'பறவையைச் சுட்டான்', 'பறவையை நோக்கிச் சுட்டான்' என்ற நம் வேறுபாட்டை அப்படியே 'அட்' சுமக்கிறது.

உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது இதுதான். ஆங்கில வகுப்பில் தமிழ் வேற்றுமைக்கு இடம் கொடுங்கள். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் நன்னூல் வழியில் இரண்டாம் வேற்றுமையின் பொருள்களைப் படிக்கிறார்கள்: ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை. மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போடுகிறார்கள். மணி அடிக்கிறது, ஆங்கில வகுப்பு தொடங்குகிறது. அங்கே அதே பிள்ளைகள் 'ரீச்ட் டு தி வில்லேஜ்' என்றும் 'ரிசெம்பிள்ஸ் டு ஹிஸ் ஃபாதர்' என்றும் எழுதுகிறார்கள். 'ஊரை அடைந்தான்' என்பதில் ஐ உருபுதான். 'ஊரை நீங்கினான்' என்பதிலும் ஐ. 'தந்தையை ஒத்தான்' என்பதிலும் ஐ. ஆங்கிலத்தில் ரீச், லீவ், ரிசெம்பிள் மூன்றுக்கும் பிரிபொசிஷன் கிடையாது, பெயர் நேராகவே வந்து நிற்கும். அடைதல், நீத்தல், ஒத்தல் என்று ஐந்து நிமிடத்துக்கு முன் ஒப்பித்த வாய் அது. இந்த இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் ஒரு கதவு திறந்தால் போதும். 'மேரி' என்ற வினையையும் அந்தக் கதவு வழியாகவே கொண்டுவரலாம்: 'அவளை மணந்தான்', ஆகவே 'மேரிட் ஹெர்', நடுவில் 'வித்' வேண்டாம்.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நம் 'ஆல்' ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. 'கத்தியால் வெட்டினான்' என்பதில் 'வித்', 'அவனால் வெட்டப்பட்டது' என்பதில் 'பை'. கருவிக்கு ஒன்று, செய்பவனுக்கு ஒன்று. பிள்ளைகள் 'ரிட்டன் பை எ பென்' என்று எழுதுவது இதனால்தான். 'எனக்கு விளக்கு', 'எனக்குக் கொடு' இரண்டிலும் நமக்கு ஒரே 'கு'. ஆங்கிலத்தில் 'கிவ் மீ' சரி, 'எக்ஸ்பிளெயின் மீ' தவறு, 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ' என்றுதான் சொல்ல வேண்டும். பொருந்தும் இடத்தைக் காட்டுவது எவ்வளவு முக்கியமோ, பிரியும் இடத்தைக் காட்டுவதும் அவ்வளவு முக்கியம். இரண்டையும் காட்டத் தமிழை வகுப்புக்குள் விட்டால்தான் முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியத்தில் வேற்றுமையியல் முடிந்ததும், வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே இருக்கிறது. ஒரு பொருளையே இரண்டு உருபுகளால் சொல்லும் இடங்களையும், ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வருவதையும் பேசும் இயல். அதில் முதலும் சினையும், அதாவது முழுப்பொருளும் அதன் உறுப்பும், சேர்ந்து வரும்போது என்ன செய்வது என்று ஒரு விதி. முழுப்பொருளுக்கு 'அது' உருபு வந்தால் உறுப்புக்கு 'ஐ' வரும். முழுப்பொருளுக்கு 'ஐ' வந்தால் உறுப்புக்குக் 'கண்' வரும். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு: யானையது கோட்டைக் குறைத்தான், யானையைக் கோட்டின்கண் குறைத்தான். இங்கே கோடு என்றால் தந்தம், குறைத்தான் என்றால் வெட்டினான்.

இனி ஆங்கிலத்தைப் பாருங்கள். 'தி பால் ஹிட் ராமு'ஸ் ஹெட்': பந்து ராமுவின் தலையை அடித்தது. 'தி பால் ஹிட் ராமு ஆன் தி ஹெட்': பந்து ராமுவைத் தலையில் அடித்தது. யானையும் கோடும் நின்ற இடத்தில் ராமுவும் தலையும் நிற்கிறார்கள், அவ்வளவுதான். முதல் வாக்கியத்தில் தலை நேரடியாகச் செயலை வாங்குகிறது. இரண்டாவதில் ராமு வாங்குகிறான், தலை 'ஆன்' போட்டுப் பின்னால் வருகிறது. தட்டுவது, முத்தமிடுவது, அடிப்பது போன்ற வினைகளுக்கு 'ஆன்': 'பேட்டட் மீ ஆன் தி ஷோல்டர்', என்னைத் தோளில் தட்டினார். பிடித்து இழுக்கும் வினைகளுக்கு 'பை': 'டுக் மீ பை தி ஹேண்ட்', என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நாம் 'பிடித்து' என்று சொல்லும் இடத்தில் அங்கே 'பை'. இதை நடத்திய நாளில் வகுப்பில் இருந்த அமைதியை நான் மறக்கவில்லை. தமிழ் இலக்கணம் என்பது தேர்வுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த பிள்ளைகள் அவர்கள். இப்படி ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், உங்கள் அடுத்த பதிப்பில் வர வேண்டும் என்று கேட்கிறேன்.

'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழைக்கு இன்னொரு வேரும் உண்டு. அதையும் புத்தகம் சொல்வதில்லை. வினையாக இருக்கும்போது பிரிபொசிஷன் வேண்டாத சொல், பெயராக மாறியதும் அதைக் கேட்கிறது. டிஸ்கஸ் எ பிராப்ளம், ஆனால் டிஸ்கஷன் அபவுட் எ பிராப்ளம். எம்ஃபசைஸ் என்று வினையாக வந்தால் ஒன்றும் வேண்டாம், எம்ஃபசிஸ் என்று பெயரானால் 'ஆன்' வேண்டும். ஆர்டர், ரிக்வெஸ்ட், டிமாண்ட் வினைகளாக நேராகப் பொருளைப் பிடிக்கும், பெயர்களானால் 'ஃபார்' வேண்டும். விசிட் எ டெம்பிள், எ விசிட் டு எ டெம்பிள். அட்டாக் எ கன்ட்ரி, தி அட்டாக் ஆன் எ கன்ட்ரி. நம் அலுவலகக் கடிதங்களிலும் நாளிதழ்களிலும் பெயர்வடிவங்களே அதிகம் கண்ணில் படுவதால் அந்தப் பிரிபொசிஷன் வினையிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்டும் ஒரு சின்னப் பட்டியல், எட்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டால், பிற்காலத்தில் எத்தனையோ விண்ணப்பக் கடிதங்கள் பிழைக்கும்.

பெயரெச்சம் செய்யும் குறும்பு ஒன்றும் இருக்கிறது. 'நாற்காலியில் உட்கார்ந்தேன்' என்பதைப் பெயரெச்சமாக மாற்றினால் 'நான் உட்கார்ந்த நாற்காலி'. 'இல்' போயே போய்விட்டது. 'கத்தியால் வெட்டினேன்' என்பது 'நான் வெட்டிய கத்தி' ஆகும்போது 'ஆல்' போய்விடுகிறது. தமிழில் கேட்பவர் தானாகப் புரிந்துகொள்வார். ஆங்கிலம் அப்படி விடாது. 'தி சேர் ஐ சாட் ஆன்', 'தி நைஃப் ஐ கட் இட் வித்', 'தி சாங் ஐ லிசன்ட் டு'. பெயர் முன்னால் போய்விட்டாலும் பிரிபொசிஷன் வினையின் பக்கத்திலேயே நிற்கும். நம் பிள்ளைகள் 'தி ஹவுஸ் ஐ லிவ்' என்று நிறுத்திவிடுவது அவர்கள் தாய்மொழியின் பழக்கம். இதற்கு மேல், வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று சில ஆசிரியர்கள் வேறு சொல்லிக்கொடுக்கிறோம். ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், தமக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் குறை கண்டபோது கிளப்பிய பேச்சு அது. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத்கூட, இது ஆங்கிலத்தின் இயல்பான போக்கு, பேச்சில் பரவலாக வருவது என்று ஒப்புக்கொண்டுதான், கம்பீரமான எழுத்துக்கு மற்ற முறை மேல் என்றார். 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' என்று உலகமே கேட்கும்போது, நம் பிள்ளை 'ஃபார் ஹூம்' என்று தொடங்கத் தடுமாறி, கடைசியில் ஃபாரையே விட்டுவிடுகிறது. அந்தத் தடையை ஆசிரியர் கையேட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஃப்ரேசல் வெர்ப், அதாவது அப், டவுன் போன்ற சின்னச் சொல் ஒட்டிப் பொருள் மாறும் வினை, பற்றி நீங்கள் நிறையவே பாடம் வைத்திருக்கிறீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அவையும் பிரிபொசிஷனோடு வரும் வினைகளும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு. 'ரேன் அப் தி ஹில்' என்பதில் 'அப்' மலையோடு சேர்ந்தது, மலை மேலே ஓடினான். 'ரேன் அப் எ பில்' என்பதில் 'அப்' வினையோடு சேர்ந்தது, கடனை ஏற்றிவிட்டான். 'ரேன் எ பில் அப்' என்று பிரிக்கலாம், மலையை அப்படிப் பிரிக்க முடியாது. அதேபோல் 'லுக் இட் அப்' சரி, 'லுக் இட் அட்' தவறு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயலாருக்குப் பெருந்தொல்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் நமக்கு இது அந்த அளவுக்கு அந்நியம் இல்லை. கிழித்தான், கிழித்துப்போட்டான். குடி, குடித்துவிடு. எழுது, எழுதிவை. விடு, போடு, வை, தீர் என்ற நம் துணைவினைகள் செய்யும் வேலையைத்தான் அங்கே அப், டவுன், அவுட் செய்கின்றன. 'டோர் அப்', 'டிரிங்க் அப்', 'ரைட் டவுன்' என்று பக்கத்தில் வைத்துக் காட்டினால், 'அப்' என்றால் மேலே என்று மட்டும் படித்த பிள்ளைக்கு ஏன் குடிப்பதற்கும் 'அப்' வருகிறது என்பது விளங்கிவிடும்.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள், கொஞ்சம் மனக்குறையோடுதான் கேட்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் திருத்திய ஒரு தேர்வில் 'ஹி டைட் ___ ஹங்கர்' என்று ஒரு கேள்வி. விடைக்குறிப்பில் 'ஆஃப்' மட்டும் இருந்தது. 'ஃப்ரம்' என்று எழுதிய பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போடச் சொன்னார்கள். இரண்டும் வழக்கில் உள்ளவை, நல்ல அகராதி எதைத் திறந்தாலும் இரண்டையும் காணலாம். நான் எடுத்துச் சொன்னேன், குறிப்பில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். சரியாக எழுதிய கைகளுக்குத் தவறென்று போட்ட அந்த நாள் இன்னும் உறுத்துகிறது. 'ஆங்ரி' என்ற சொல்லுக்கும் அப்படித்தான், 'வித்'தும் வரும், 'அட்'டும் வரும். 'என் மேல கோபம்' என்ற நம் வழக்கிலிருந்து வரும் 'ஆன்'தான் தவறு. அதைத் திருத்துவதை விட்டுவிட்டு 'அட்' எழுதியவளைத் தண்டிப்பது என்ன நியாயம்? 'தி கேட் ஜம்ப்ட் ___ தி டேபிள்' என்று கொடுத்தால் ஆன், ஆஃப், ஓவர் எல்லாமே சரி, பூனை எங்கே இருந்தது என்று கேள்வி சொல்லவில்லை.

கோடிட்ட இடத்துக்குப் பதில் வேறு மாதிரி கேட்கலாம். 'த்ரோ' என்ற வினையை 'டு'வோடு ஒரு வாக்கியத்திலும் 'அட்'டோடு ஒரு வாக்கியத்திலும் எழுதச் சொல்லுங்கள், பொருள் எப்படி மாறுகிறது என்று ஒரு வரி தமிழிலேயே எழுதவிடுங்கள். 'ஹியர்', 'ஹியர் ஆஃப்', 'ஹியர் ஃப்ரம்' மூன்றையும் கொடுத்து, மாமாவிடமிருந்து சேதி வந்தது என்பதற்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். திருத்துவதற்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பது தெரியும். திருத்தப்போவது நாங்கள்தான், அந்த நேரத்தைத் தர ஆயத்தமாகவே இருக்கிறோம்.

பாடநூல் குழுவிடம் கேட்பது, எந்த வினையையும் இனித் தனியே அச்சிடாதீர்கள். சொற்பொருள் பட்டியலில் 'டிபெண்ட்' என்று போடும் இடத்தில் 'டிபெண்ட் ஆன்' என்று போடுங்கள், பக்கத்தில் பிள்ளைகள் வாழ்வில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம். 'ரீச்' என்று போடும் இடத்தில் பின்னால் ஒன்றும் வராது என்பது தெரியும்படி 'ரீச் எ பிளேஸ்' என்று போடுங்கள். பெரிய செலவில்லை, பக்கத்துக்கு நாலு சொல் கூடும்.

எங்கள் பத்தாம் வகுப்பில் இந்த ஆண்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வினை, மேலே பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் வாக்கியம், அதில் உருபுக்கு அடியில் ஒரு கோடு, கீழே ஆங்கில வாக்கியம், அதில் பிரிபொசிஷனுக்கு அடியில் ஒரு கோடு. உருபு இருந்து பிரிபொசிஷன் இல்லாத பக்கங்களில் கீழே ஒரு வெற்றுக் கட்டம் போட்டிருக்கிறார்கள். இதுவரை 140 பக்கம் ஆகியிருக்கிறது. முதல் பக்கத்தை எழுதியவள் அன்று மழையில் அப்பாவுக்காக நின்ற பிள்ளைதான். நீங்கள் பார்க்க விரும்பினால் நகலெடுத்து அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை